கனி பாய் வூட்டு லோடு

ஐப்பசி 6, செவ்வாய்

காலையில் தூறல். அப்புறம் வெயில். வேட்டி காயவில்லை. சீரகம் தீர்ந்துபோச்சு.

கனி பாய் வீடு மாற்றுகிறான். படூருக்கு. மகன் ரஃபீக் அங்கே ஃபிளாட் வாங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வண்டி வருதாம். டீக்கடையில் கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னான். என் டீ ஆறிப்போச்சு.

அந்தக் காலத்தில் குடோன் லாரிக்கு அவன் டிரைவர், நான் லோடு மேஸ்திரி. செங்கல்பட்டில் ஏற்றி, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், திருவிடந்தை, கோவளம் வரை கடைகடையாக இறக்குவது. அவனோடு சுற்றாத ரோடு இல்லை.

எழுத்து எனக்குக் கிழவன் ஆன பிறகு ராப்பள்ளியில் வந்தது. தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். யார் படிக்கப் போறா.

ஐப்பசி 7, புதன்

முட்டி வலி. தைலம் தேய்த்தேன். கடைத்தெரு போகவில்லை, சீரகம் நாளைக்கு.

குடோன் ஞாபகமே. இப்போது அதில் கல்யாண நாற்காலி அடுக்கி வைக்கிறார்கள். அப்போது அரிசி, பருப்பு, வெல்லம், சோப்பு. உள்ளே நுழைந்தால் எல்லா வாசனையும் சேர்ந்து ஒரே வாசனை. தரையில் கட்டை போட்டு, அதன் மேல் மூட்டையை அட்டி அட்டியாக அடுக்குவோம். சுவரை ஒட்டக்கூடாது, ஈரம் ஏறும். பழைய சரக்கு வாசல் பக்கம், புதுச் சரக்கு உள்ளே.

லாரிக்குக் கணக்கு வேறு. கடைசி ஊர்ச் சரக்கு முதலில் ஏறணும். கோவளம் உள்ளே, திருக்கழுக்குன்றம் கதவோரம். ஒருதரம் பாய் அவசரப்பட்டு மாற்றி ஏற்றவைத்தான். ஒரு வெல்ல மூட்டை எடுக்க, திருக்கழுக்குன்றத்தில் நடுரோட்டிலேயே மொத்த லோடும் கீழே. தேர் பார்க்க வந்த சனம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருத்தி கேட்டாள், "இன்னா நைனா, இங்கயே கடை போட்டுட்டீங்களா?" பாய் மூட்டை மேல் ஏறி ஏலம் விட ஆரம்பித்துவிட்டான்.

கடலோர ரோடு அப்போது சின்னது. ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. எதிரில் பஸ் வந்தால் மணலில் இறங்கி நிற்கணும். திரும்பும்போது காலி வண்டி ஓட்ட மாட்டான். கேளம்பாக்கத்தில் உப்பு, இல்லாவிட்டால் கோவளத்துக் கருவாடு. கருவாட்டு நாளில் அவன் சம்சாரம் மும்தாஜ் வாசலிலேயே நிறுத்தி அவன் தலையில் ஒரு குடம் தண்ணி ஊற்றும். எனக்கும் ஒரு குடம்.

ஐப்பசி 9, வெள்ளி

புழுக்கம். சீரகம் வாங்கியாச்சு.

பாய் தொழுகை முடித்து நேரே இங்கே வந்தான். தொப்பியை மடித்துப் பையில் வைத்தான். கதவைச் சாத்தினான்.

"மச்சான், ஞாயித்துக்கெழம நீதான் ஏத்தணும்."

"வேற எவன் ஏத்துவான்?"

"ரஃபீக்கு ஒரே ஒரு வண்டி சொல்லிக்கீறான். சாமான் கொள்ளாத மாதிரி ஏத்து."

"இன்னா?"

"பாதி நின்னு போவட்டும். நின்னதுக்குக் காவல் யாரு? நான். ரெண்டு மாசம் இழுத்துட்டா மும்தாஜுக்கு அங்க சலிச்சிப்பூடும். தானா திரும்பி வந்துடும்."

"வயசாயிடுச்சி பாய் உனக்கு."

"அதான்டா சொல்றேன். இந்த வயசுல போயி மாடியில ஒக்கார சொல்றியா?"

சரி என்றேன். உள்ளுக்குள் எனக்கும் அதே ஆசைதான். அவன் போய்விட்டால் டீக்கடையில் யாரோடு உட்காருவது.

ஐப்பசி 10, சனி

மழை. கரண்டு இல்லை.

லோடைக் கெடுப்பது எப்படி என்று யோசனை. கைக்குப் பழகாத வேலை. பீரோவைக் குறுக்கே போடலாம். கட்டிலைக் கழற்றாமல் ஏற்றலாம். அண்டா ஒரு பக்கம், குடம் ஒரு பக்கம்.

ஐப்பசி 11, ஞாயிறு

வானம் வெளுத்திருந்தது. சின்ன லாரி. ஏற்றிக் கொடுக்க ரெண்டு ஆள்.

நினைத்தபடியே ஏற்றினேன். வண்டி நிறைஞ்சு போச்சு, பாதி வீடு இன்னும் வாசலில். ரஃபீக் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னொரு வண்டி சொல்லட்டா மாமா?" பாய் முந்திக்கொண்டான், "எதுக்குப்பா தண்டமா? நீங்க போங்க, நான் இருந்து பாத்துக்கறேன்." சிரிப்பை அடக்கத் தெரியவில்லை அவனுக்கு.

மும்தாஜ் பின்கதவுப் பக்கம் வந்து நின்றது. உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தது.

"அண்ணே, இது உங்க லோடு இல்லியே."

"இன்னாம்மா?"

"குடோனுக்கு எதிர்வூட்லயே இருந்தவ நானு. உங்க லோடு எனக்குத் தெரியாதா? அண்டாக்குள்ள காத்த ஏத்திக்கீறீங்க."

பிறகு கிட்டே வந்து, மெதுவாக: "எனக்குக் கண்ணு மங்கிக்கினே வருதுண்ணே. அடுப்புல நெருப்பு இருக்கறதே தெரியல. அவராண்ட சொல்லல. ஒடஞ்சி பூடுவாரு. அங்க போனா மருமவ கூட இருப்பா. ஆனா அவர வுட்டுட்டு நான் எப்பிடிப் போவேன்?"

தடவிப் பார்த்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

"எல்லாத்தையும் எறக்குங்கடா" என்றேன்.

பாய் ஓடி வந்தான். "மச்சான், இன்னா பண்ற நீ?"

"லோடு சரியில்ல பாய்."

"எனக்குச் சரியாத்தான் கீது!"

மும்தாஜ் சொன்னதை அவனிடம் சொல்லக்கூடாது. பீரோவை நிமிர்த்தி கேபின் பக்கம். கட்டிலைக் கழற்றி ஓரத்தில். அண்டாவுக்குள் குடம், குடத்தைச் சுற்றித் துணி, இடுக்கில் எல்லாம் தலையணை. ஒரு துடைப்பம்கூட வாசலில் நிற்கவில்லை. கதவோரம் ஓர் ஆள் உட்கார இடமும் மிஞ்சியது.

பாய் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒரு பீரோவ குறுக்க போட்டு வைக்க வக்கில்ல உனக்கு. நீயெல்லாம் ஒரு மேஸ்திரி."

மும்தாஜையும் மகனையும் டிரைவர் பக்கத்தில் ஏற்றிவிட்டான். அவனுக்கும் அங்கே இடம் இருந்தது. ஏறவில்லை. சுற்றி வந்து, பின்னால் அந்த மிச்ச இடத்தில் ஏறிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தான்.

"அத்தா, முன்னால வாங்க! போலீஸ் புடிப்பான்!" என்றான் ரஃபீக்.

"வண்டிய எடுக்கச் சொல்லுடா."

குடோன் காலம் முழுக்க அவன் முன்னால் ஸ்டியரிங்கில், நான் பின்னால் மூட்டை மேல். அவன் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

வண்டி கிளம்பியது. நான் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். ரயில்வே கேட் பக்கம் திரும்பும்போது கத்தினான்:

"மச்சான்! இங்க ஒக்காந்தா வுட்டுட்டுப் போறதுதான்டா தெரியுது! இத்தினி வருசம் எப்பிடிடா ஒக்காந்துகினு வந்த?"