பின்னாத பிடரி

மார்ச் 4, செவ்வாய்

பல் செட் செய்கிற லேபில் இன்று மூன்று செட். மூன்றாவதில் மேல்வரிசை ஒட்டாமல் இரண்டு முறை மெழுகை உருக்கினேன். நகத்திடுக்கில் பிளாஸ்டரோடேயே லாயத்துக்குப் போனேன். குதிரை மிளகு கையை முகர்ந்து பார்த்துவிட்டு என் முகத்திலேயே தும்மினான்.

குதிரையின் நடைக்கு மார்க் போடுகிற போட்டிக்கு முப்பத்து மூன்று நாள். கோச் கேட்டுவிட்டார்: "பிடரியைப் பின்னப் போறியா இல்லையா?"

"கட்டாயமா மேடம்?"

"சட்டத்துல இல்ல. ஆனா பின்னாம வந்தா, தலைகூடச் சீவாம கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்கும். கழுத்து வளைவு நடுவர் கண்ணுக்குத் தெரியணும்ல?"

பார்க்கலாம் என்றேன். அக்கா சவாரி செய்த வருஷங்களில் இப்படி ஒரு கேள்வியே எழுந்ததில்லை.

மார்ச் 9, ஞாயிறு

பின்னிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்தில் ஐந்து பின்னல். அரை மில்லிமீட்டர் பிசகாமல் பல் வைக்கிற கை இது. குதிரை மயிரைக் கண்டால் மட்டும் மரத்துப் போகிறது. மிளகு தலையை ஒரு உதறு உதறினான், ஐந்தில் மூன்று அவிழ்ந்தது. மிச்சம் இரண்டும் பிய்ந்த துடைப்பம் மாதிரி நின்றன.

அக்கா பதினேழு பின்னுவாள். முக்காலி மேல் ஏறி நின்று, நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்படியே பல்லிடுக்கில் அவனோடு பேசிக்கொண்டு. ஒவ்வொரு பின்னலையும் மடித்துச் சுருட்டித் தைத்தால் சின்ன வெங்காயம் அளவுக்கு ஒரு முடிச்சு. பதினேழும் ஒரே அளவு. நான் கீழே வாளியோடு நிற்பேன். "தண்ணி." "நூல்." "கத்தரி." ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மாதிரி எடுத்து எடுத்துக் கொடுப்பேன். இடையில் ஒருதரம், திரும்பிப் பார்க்காமலே, "தூங்கிட்டியா?" என்பாள்.

அந்த "தூங்கிட்டியா"வை இப்போது யார் கேட்பார்கள்?

மார்ச் 10, திங்கள்

விரலெல்லாம் வலி. பல் செட் ஒன்று திரும்பி வந்தது.

மார்ச் 15, சனி

இதை ஒருமுறையாவது உள்ளபடி எழுதிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பயிற்சியின்போது, கொட்டகைக் கூரையிலிருந்து ஒரு தகரம் சரிந்து விழுந்தது. மிளகு மிரண்டு பக்கவாட்டில் துள்ளினான். அக்கா வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டில் இரண்டு முறிவு, ஆபரேஷன், உள்ளே தகடு. பத்தொன்பதாம் நாள் போட்டி. ஆறு மாதமாக அவள் தயாரான போட்டி. குதிரையும் அவளுடையது. நான் வார நாள்களில் அவனுக்கு உடம்பு இளக ஓட்டிக் கொடுப்பவள், அவ்வளவுதான்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைக் கொடுத்தேன். மூன்றாம் இடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகாதவளுக்குப் போட்டோ வேறு அனுப்பினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேனாம். நிஜமாவே அப்படித்தான் நெனச்சேனா?

"நல்லாருக்கு" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அவள் லாயத்துக்கு வரவே இல்லை. தீவனச் செலவு, மருந்து என்று எது கேட்டாலும் அவள் வீட்டுக்காரர், மாமாதான் பதில் போடுவார். போன வருஷம் அம்மா வீட்டில் பார்த்தோம். கை எப்படி இருக்கிறது என்றதற்கு "சரியாயிடுச்சு" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். "இடுப்பு வரைக்கும் இருந்த முடிடீ" என்று அம்மா அன்று முழுக்க மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இப்போது நிலவரம் இதுதான்: பின்னுவதென்றால் அக்கா வேண்டும். பின்னாமல் போனால் யாரும் வேண்டாம். எனக்கோ, யாராவது வேண்டும் என்பதைவிட, அவள் வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

அனுப்பிவிட்டேன். "அக்கா, ஆறாம் தேதி போட்டி. நீ வந்து மிளகுக்குப் பின்னி விடுறியா?"

மார்ச் 19, புதன்

பார்த்துவிட்டாள். இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

மார்ச் 22, சனி

பதில் இல்லை. லேபில் போனை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, கால் மணிக்கு ஒருதரம் திறந்து பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரி, "உள்ள என்ன, கோழி அடைகாக்குதா?" என்றாள்.

கோபம் வருகிறது. இரண்டு வருஷமாக அவனுக்கு லாடம் அடிப்பது, வயிற்றுவலி வந்தால் கயிற்றைப் பிடித்து மணிக்கணக்கில் நடத்துவது, எல்லாம் யார்? ஒரு "முடியாது" சொல்ல வாய் வலிக்குதா இவளுக்கு?

மார்ச் 27, வியாழன்

மாமா கூப்பிட்டார், மதியம், லேபில் இருக்கும்போது. மாமா எப்போதும் சுற்றி வளைத்துப் பேசுகிறவர். இன்று நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்கே தெரியாதும்மா. அவ சொல்லியிருப்பான்னு நெனச்சேன்."

"என்ன மாமா?"

"அந்தக் கை மூடலம்மா. கட்டை விரலும் பக்கத்து விரலும் சேரவே சேராது. நரம்பு. ரவிக்கை ஹூக்குகூட நான்தான் போட்டு விடறேன். உன் மெசேஜைப் பாத்துட்டு ரெண்டு நாள் சாப்பிடல."

கையிலிருந்த மெழுகு கத்தி எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

முடியை அவள் அழகுக்கு வெட்டவில்லை. பின்ன முடியாமல் வெட்டியிருக்கிறாள். தன் தலையைப் பின்ன முடியாதவளைப் பார்த்து, குதிரைக்குப் பின்ன வா என்று கேட்டிருக்கிறேன். கடவுளே, நான் என்ன ஜென்மம்.

மார்ச் 30, ஞாயிறு

போனேன். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். கதவைத் திறந்தது அவள்தான், இடது கையால். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தாள்.

"மாமா சொல்லிட்டாரா?"

"ம்."

"பரிதாபப்பட வந்தியா?"

"இல்ல."

"பின்ன?"

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். அவள் அழவில்லை. உள்ளே போய் டீ போட்டாள். இடது கையால் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து, வலது முழங்கையால் டம்ளரை அணைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். நான் எழுந்தபோது, "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"கேக்காம அவனைக் கூட்டிட்டுப் போனேன்க்கா. தப்பு. உனக்கு அந்தக் கோபம்னு தெரியும்."

"அதுக்கு ஒரு வாரம் கோபப்பட்டேன். அது போயிடுச்சு." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "போட்டோ அனுப்பினியே. அதுல அவன் ரெண்டு காதும் முன்னாடி நின்னுச்சு. அவ்ளோ சந்தோஷமா இருந்தான். நான் இல்லாம. அதைத்தான் பாக்க முடியல."

அவன் அன்று சந்தோஷமாகத்தான் இருந்தான்.

கிளம்பும்போது கேட்டேன், "பின்னவா, வேண்டாமா?"

"என்னை ஏன் கேக்குற? ஏறி உக்காரப் போறது நீ."

வாசல் வரைதான் வந்தாள். பஸ் நிறுத்தம் வரை மாமா வந்தார்.

ஏப்ரல் 2, புதன்

கோச் ஒரு பெண்ணை ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். நாற்பது நிமிடத்தில் பின்னிவிடுவாளாம். வேண்டாம் என்றேன். "பிடிவாதம்" என்றார். இருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

மிளகைக் குளிப்பாட்டினேன். பிடரியை அலசி, சிக்கெடுத்து, ஈரத்தோடு ஒரு பக்கமாகச் சீவி விட்டேன். ஊசியும் நூலும் ஒரு கணம் கையில் இருந்தன. அந்தக் கழுத்தில் பதினேழு முடிச்சு இருந்தால் அது அவள் கை போட்டதாக இருக்க வேண்டும். வேறு யார் போட்டாலும், அவள் உட்கார்ந்த நாற்காலியில் ஓடிப் போய் உட்கார்ந்த மாதிரி. ஒருதரம் உட்கார்ந்து பார்த்தாயிற்று. போதும்.

பின்னப் போவதில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருபத்து மூன்று குதிரைகள். இருபத்திரண்டு பின்னியிருந்தன.

வெளியே சுற்றி வரும்போது வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பெண்மணி ரொம்ப இரக்கமாக, "நேரம் கிடைக்கலையா?" என்றார். கோச் என் பக்கமே பார்க்கவில்லை. தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டார்.

நடுக்கோட்டில் நுழைந்து, நின்று, தலை குனிந்து வணக்கம் வைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து நிமிடமும் கையில் பட்ட பிடரியின் உரசல் மட்டும்தான் நினைவிருக்கிறது. இடது வளைவில் ஒருதரம் அவசரப்பட்டான். மூலையில் ஒருதரம் நான் அவசரப்பட்டேன். அறுபத்து நாலு சதவீதம். நாலாம் இடம். நடுவர் எழுதியிருந்தது: "இணக்கமான ஜோடி. மூலைகளில் பொறுமை தேவை." பிடரியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

யாரோ போட்டோ எடுத்துக் கொடுத்தார்கள். அவளுக்கு அனுப்பவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காலை 11.20. லேபில். அவளிடமிருந்து: "எப்படிப் போச்சு?"

அவளாகக் கேட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"நாலாவது. பின்னல" என்று போட்டேன்.

"ஏன்?"

என்னென்னவோ எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "என் பின்னல் கேவலமா இருக்கும்."

"தெரியும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் சாப்பிடறானா?"

டாய்லெட்டில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த பல் செட்டை எடுத்தேன்.

ஏப்ரல் 19, சனி

வந்தாள்.

மாமா காரிலேயே இருந்துகொண்டார். அவள் லாயத்து வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே மிளகு வைக்கோல் மென்றுகொண்டிருந்தான். அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் மெல்வதை நிறுத்திவிட்டான்.

"நீ கொஞ்சம் வெளியே இரேன்" என்றாள்.

குழாயடியில் நின்று, ஏற்கெனவே சுத்தமாக இருந்த வாளியை இருபது நிமிடம் தேய்த்தேன். உள்ளே அவள் குரல் மட்டும் கேட்டது. அவன் தொந்தியைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது தோள்பட்டை முழுக்க எச்சிலும் வைக்கோலும். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"ரொம்ப தின்னக் குடுக்குற அவனுக்கு."

"கேக்குறான்க்கா."

"நீ வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வருவ?"

"அஞ்சரை."

"நான் நாலு மணிக்கு வர்றேன். நீ வர்றதுக்குள்ள போயிடுவேன்."

சரி என்றேன். அவனுக்காக வருகிறாள், எனக்காக இல்லை. அதுவே பெரிது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

கார் கிளம்பி, கேட் அருகே நின்றது. அவள் பக்கக் கண்ணாடி இறங்கியது.

"லேப்ல ஒரு நாள் சீக்கிரம் விட மாட்டாங்களா?"

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மூன்று மணிக்கே லேபில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அக்கா ஆறே முக்கால் வரை இருந்தாள்.