கதவு வரைக்கும்

மார்ச் 4

திட்டம்:
1. கண்காட்சியில் படச்சுருள் அறுந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டத் தெரிந்தவர் அங்கே யாருமில்லை.
2. ஒட்டும்போதெல்லாம் பன்னிரண்டு பிரேம் கூடுதலாக வெட்டிவிட வேண்டும். அரை நொடி.
3. மச்சான் கவனிக்க மாட்டான். அவன் எடுத்த ஒன்பது படங்களுக்கும் எடிட்டர் நான்; எல்லாவற்றையும் என் கண்ணால்தான் பார்த்தான்.

நேற்று அவனுடைய கண்காட்சித் திறப்பு. அவன் படங்களிலிருந்து நான் வெட்டி, தேதி எழுதி, டப்பா டப்பாவாகப் பத்திரப்படுத்திய துண்டுகள்தான் சுவர் முழுக்க ஓடுகின்றன. மைக்கில் சொன்னான்: "அக்கா வீட்டுப் பரண்ல கெடந்த குப்பை." எல்லோரும் சிரித்தார்கள். நான் கைதட்டினேன். ஏன் தட்டினேன்? பலகையில் அவன் பெயர் மட்டும்.

மார்ச் 9

அறுந்தது. நடு அறையில் திரும்பத் திரும்ப ஓடும் வளையச் சுருள். ஒத்திகைக்காக அவனே நடந்த துண்டு: இளவயது மச்சான் நீண்ட நடைவழியில் வந்து, கதவைத் திறந்து, உள்ளே போகிறான், பிறகு முதலிலிருந்து. அறுந்த இடத்தை ஒட்டிவிட்டு, அவன் உள்ளே போவதை வெட்டினேன். பன்னிரண்டுதானா என்று இரண்டு முறை எண்ணினேன்.

மார்ச் 10

இது திருட்டா?

மார்ச் 17

மறுபடி அறுந்தது. கதவு இனி பாதிதான் திறக்கும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால், தம்பிக்கு வாய்தான் அப்படி, விடுங்களேன் என்பாள். முப்பத்தெட்டு வருஷமா விட்டுக்கிட்டேதானே இருக்கேன்.

மார்ச் 26

கதவு திறக்கவே இல்லை. கைப்பிடியைத் தொடப் போகிறான் — மறுபடி முதலிலிருந்து. நட ராசா, நட. பெஞ்சில் உட்கார்ந்து நாற்பது தடவை பார்த்தேன். இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 2

நான்காம் முறை கூப்பிட்டார்கள். பெஞ்சில் மச்சான்.

"இன்னும் வெட்டப் போறீங்களா அத்தான்?"

கருவிப் பெட்டியைக் கீழே வைத்தேன்.

"மொத நாளே தெரிஞ்சுது. உள்ள போறப்ப தலையைக் குனிவேன்ல, அதைக் காணோம். ஆனா நீங்க வெட்டினது சரி. எனக்கு எங்க நிறுத்தணும்னு என்னைக்குத் தெரிஞ்சுது?"

"பேரு?" என்றேன். எப்படித்தான் கேட்டேனோ.

கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். "இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் வாயைத் தொறந்து கேக்குறீங்க."

ஏப்ரல் 5

பலகையில் இரண்டு பெயர். என்னுடையது கீழே, அதே அளவு எழுத்தில். ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வெட்டிய முப்பத்தாறு பிரேம்களையும் உறையில் போட்டு இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாள் நடக்கட்டும்.

திட்டத்தில் மூன்றாவது வரி தவறு. அவனுக்கும் கண் இருந்திருக்கிறது.