பின்சக்கரத்துக்கு மேல் நான் கட்டிய பெட்டி

தென்காசி,
29-8-1966

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு அப்பா நெல்லையப்பன் எழுதுவது. குற்றாலநாதர் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், வடக்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளை மந்திரமூர்த்தியும் அதைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. இங்கே சாரல் நின்றுவிட்டது, ஐந்தருவியில் இரண்டு கிளைதான் விழுகிறதாம், சீசனுக்கு வந்த கூட்டமும் கலைந்துவிட்டது. உன் அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. நான் ரயில்வே பார்சல் ஆபீஸை விட்டு வந்து வருகிற தையோடு இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இருந்தாலும் காலையில் செங்கோட்டை வண்டி ஊதினால் கை தன்னால் சட்டையைத் தேடுகிறது.

உன் கடிதம் வந்து இருபது நாளாகிவிட்டது. பதில் போடவில்லையே என்று நீ நினைத்திருப்பாய். வழக்கம்போல அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை மறுபடியும் மோட்டார் சைக்கிள் வாங்கியிருக்கிறார், தசரா லீவில் இரண்டு பேரும் அதில் ஏறி ஜகதல்பூர் பக்கம் ஒரு பெரிய அருவி பார்க்கப் போகிறீர்கள், நடுவில் கேஷ்கால் என்று ஒரு மலைப்பாதை ஏற வேண்டும், ஒரு வாரத்துச் சாமானைக் கொண்டுபோக இரண்டு பக்கமும் தகரப் பெட்டி மாட்டுவதா கான்வாஸ் பை போதுமா பின்னால் கேரியர் அடிப்பதா என்று குழப்பம், இவ்வளவும் வாசித்துவிட்டு அடுத்த வரிக்கு வந்தேன். ‘மாமா காலமெல்லாம் சாமான் எடை பார்த்தவர்கள், அவர்களிடம் கேட்டு எழுது என்று சொல்கிறார்கள்’ என்று இருந்தது. அதற்குமேல் எனக்கு வாசிக்க ஓடவில்லை. அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன் நிப்பாட்டிட்டிய, மேல வாசிங்க” என்றாள். மீதியையும் வாசித்தேன், வண்டி வாங்கினது இலத்தூரில் உன் மாமனாருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். கடிதத்தை மடித்துப் பதில் எழுதாமலே வைத்துவிட்டேன். ஏன் என்று உனக்குத் தெரியாது, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆனி மாதம் மதுரையிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பழைய வண்டியில் வந்து இறங்கியது நினைவிருக்கும். குற்றாலத்தில் மூன்று நாள் குளித்துவிட்டு ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு மாப்பிள்ளையின் அக்காள் வீட்டுக்குப் போய், அப்படியே திருவனந்தபுரம் கன்னியாகுமரி சுற்றி வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளை அந்த வண்டிக்கு எவ்வளவு யோசித்துச் சாமான் எடுத்திருந்தார் என்பதை நான் அப்போதே கண்ணால் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு கான்வாஸ் பை, அவ்வளவுதான். நீ ஒருபக்கமாகக் காலைத் தொங்கவிட்டு உட்காருவதால் பாரம் இடப்பக்கம் சாயும் என்று ஸ்பேனர், டியூப், பம்பு எல்லாவற்றையும் வலப்பக்கப் பையின் அடியில் போட்டு, இடப்பக்கம் துணிமணி மட்டும் வைத்திருந்தார். ஆனாலும் அது என் மனசில் நிற்கவில்லை. கல்யாணமாகி முதல் தடவையாக நாத்தனார் வீட்டுக்குப் போகிறவள் இரண்டு பையோடு போனால் நம்மை என்ன நினைப்பார்கள் என்பதுதான் நின்றது. தகர டிரங்குப் பெட்டியை எடுத்தேன், அதில் பித்தளைக் குத்துப்போணிப் பாத்திரம் இரண்டு, முறுக்கு, அதிரசம், அக்காள் பிள்ளைகளுக்குத் துணி, அதற்கு மேல் ஒரு ஜமுக்காளச் சுருட்டு, பக்கத்தில் நல்லெண்ணெய் டின். உன் அம்மா வேண்டாம் என்றாள். நீ, “நாங்க ரெண்டு பேரும் ஏறவே எடம் காணாதுப்பா” என்றாய். மாப்பிள்ளை மட்டும் அருகில் வந்து தணிந்த குரலில், “பின்னால கனம் கூடிட்டுன்னா முன்சக்கரம் லேசாயிரும் மாமா, வளைவுல ஹேண்டில் நாம சொன்னபடி கேக்காது” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, “முப்பது வருசமா பாரம் பாத்தவன் நான், எனக்கே படிச்சுக் குடுக்கீகளோ மாப்ளே” என்றேன். தெருவில் நாலு பேர் நின்றார்கள், அவர்கள் சிரித்தார்கள். அவர் விலகிப்போய் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார். நானே பின்சக்கரத்துக்கு மேல், அச்சுக்கும் பின்னால் தள்ளிப் பெட்டியை வைத்து, தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டி அனுப்பினேன்.

புளியரை தாண்டி எஸ் வளைவில் சாரலில் வண்டி சாய்ந்ததும், பெட்டியின் விளிம்பு உன் கணுக்காலில் விழுந்ததும், மரம் ஏற்ற வந்த லாரிக்காரர்கள் உங்களைத் தூக்கிக்கொண்டு செங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வந்ததும் உனக்குத் தெரியும். உனக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள், அதனால் அதற்கப்புறம் நடந்தது தெரியாது. மாப்பிள்ளை முழங்கையில் கட்டோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இலத்தூரிலிருந்து உன் மாமனார் சொரிமுத்து அண்ணாச்சி ஓடிவந்து, “எப்படிய்யா விழுந்தாவ” என்று கேட்டார். கேள்வி என்னிடம்கூட இல்லை, பொதுவாகத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டு, “உங்க மவன் ஓட்டின வேகத்துக்கு உசிரு தப்பினதே பெருசு” என்று சொன்னேன். மாப்பிள்ளை நிமிர்ந்து என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அண்ணாச்சி அந்த இடத்திலேயே, நர்சம்மாக்கள் பார்க்க, “ஊரான் வீட்டுப் பொண்ணக் கொல்லப் பாத்தியேலே, இனிமே வண்டின்னு ஒண்ணு ஒங்கிட்ட நான் பாக்கக் கூடாது” என்று கத்தினார். அந்த வாரமே மாப்பிள்ளை வண்டியை விற்றார், ஆறு மாதத்தில் வடக்கே வேலை தேடிக்கொண்டு உன்னையும் கூட்டிக்கொண்டு போனார். பயந்துபோய் விற்றதாகத்தான் நீ இதுவரை நினைத்துக்கொண்டிருப்பாய்.

பதறிப்போய்ச் சொல்லிவிட்டேன் என்றாவது எழுதலாம் என்று பார்த்தேன், அதுவும் பொய்யாகிவிடும். மறுநாள் நான் பஸ் ஏறி அந்த வளைவுக்குப் போனேன். வண்டியை இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை, பெட்டி ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. கயிறு வண்டியின் கம்பியிலேயே இருந்தது, நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை, நனைந்த தகரம் வழுக்கிப் பெட்டி கயிற்றுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்திருக்கிறது. வண்டியைச் சாய்த்தது வேகம் இல்லை, நான் கட்டிய பெட்டிதான் என்று பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. அந்தக் கயிற்றை அறுத்து ஓடையில் எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்கே இலத்தூருக்கு ஒரு நடை போயிருந்தால் காரியம் முடிந்திருக்கும். இன்றைக்கு நாளைக்கு என்று நாலு வருஷம் ஓட்டிவிட்டேன். நீ லீவுக்கு வந்து இந்தக் கூடத்தில் ஒரு காலைச் சாய்த்து சாய்த்து நடக்கும்போதெல்லாம் நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் இலத்தூர் போனேன். அண்ணாச்சி வயலிலிருந்து அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், நீ மறைக்கச் சொன்ன புது வண்டியையும் சொல்லாமல் முடியவில்லை, அதற்கு என்னை மன்னித்துக்கொள். அவர் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நாலு வருசமா எம் மவன் இதுல ஒரு வார்த்த சொல்லலியே” என்றார். நான், “திட்டணும்னா திட்டிருங்க அண்ணாச்சி” என்றேன். “ஒம்மத் திட்டி என்ன செய்ய. நீரு வெளியாளு. பெத்தவன் நான், எப்படிலே நடந்துதுன்னு அவங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா, கேக்கலியே” என்று சொல்லிவிட்டு, மனுஷர் பெரியவர், என் முன்னாலேயே அழுதுவிட்டார். காப்பி வந்தது, இரண்டு பேருக்கும் குடிக்க முடியவில்லை. பஸ் ஏறும்போது, “வண்டி வாங்கினதுல அய்யாவுக்கு வருத்தம் ஒண்ணும் இல்லன்னு எழுதும். தைரியமாப் போயிட்டு வரச் சொல்லும்” என்றார். எழுதிவிட்டேன்.

இனி மாப்பிள்ளை கேட்டதற்கு வருகிறேன். எனக்குச் சொல்லத் தகுதியில்லை, ஆனாலும் கேட்டிருக்கிறார். தகரப் பெட்டி வேண்டவே வேண்டாம், விழுந்தால் அதன் விளிம்பு கத்திதான், கான்வாஸ் பையே போதும், மழைக்கு உள்ளே மெழுகுத்துணி தைத்துக்கொள்ளுங்கள். பை பின்சக்கரத்தின் அச்சுக்கு முன்னால் தள்ளி, எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழத் தொங்கட்டும், ஆனால் புகைக்குழாயில் படக்கூடாது. கனமானது எல்லாம் அடியில். கேரியர் அடித்தால் அதில் போர்வை மாதிரி லேசானது மட்டும். கயிறு வேண்டாம், கொக்கி வைத்த வார் போடுங்கள். முதலில் நீ ஏறி உட்கார், உனக்கு இடம் போக மிச்சம் இருப்பதுதான் சாமானுக்கு, சாமான் போக மிச்சம் இருப்பது உனக்கு இல்லை. எல்லாம் கட்டியபிறகு சாமானில் பாதியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போங்கள், இதை நான் வேடிக்கைக்கு எழுதவில்லை. எந்தப் பெரியவர் எதைக் கொடுத்துவிட்டாலும் வாங்காதீர்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள், சக்கரத்தில் மாட்டிவிடும்.

அம்மா உன் காலுக்கு எண்ணெய் காய்ச்சி அனுப்பவா என்று கேட்கச் சொன்னாள். அங்கே குளிர் தொடங்குமுன் எழுது, தபாலில் அனுப்புகிறேன். இரண்டு பேரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல், நினைத்த இடமெல்லாம் போய் வர வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன், ‘சிரஞ்சீவி’ என்று எழுதியதோடு கை நின்றுவிட்டது. ஆகையால் இதையே நீ அவருக்கு வாசித்துக் காட்டு. ஆஸ்பத்திரியில் நான் சொன்னது வருகிற இடத்தில் அப்பா ஆயிற்றே என்று விட்டுவிட்டு வாசிக்காதே. அதையும் சேர்த்து வாசி.

இப்படிக்கு,
உன் அப்பா,
ப. நெல்லையப்பன்