அக்கா சொன்ன அர்த்தம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் நலம். அப்பாவுக்கு இடது கை கொஞ்சம் அசைகிறது. முதுகுப் புண்தான் ஆறவில்லை. நீ வந்து ஒன்றரை வருஷம் ஆகிறதாம், விரல் விட்டு எண்ணுகிறார்.

என் யானைப் படங்களை வெளிநாட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பினேன் அல்லவா? பதில் வந்துவிட்டது! அகராதியோடு முட்டி மோதிப் பார்த்தேன். படங்களைப் பார்த்ததும், பதில் எழுதிய பதிப்பக அம்மாளின் காலுறை கழன்று பறந்துவிட்டதாம். அங்கே எல்லோரும் கடிவாளத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறார்களாம். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "பெரியவகிட்ட கேளு, இங்கிலீஷ் டீச்சராச்சே" என்கிறார் அப்பா. அவர்களுக்குப் பிடித்திருந்தால் அங்கேயே வேலை, அக்கா. உடனே எழுது.

பதிலுக்குப் பறக்கும்,
சின்னவள்

பிப்ரவரி 14

என் செல்லத் தங்கைக்கு,

படித்ததும் மனசு கனத்துப்போனது. காலுறை கழன்றது என்றால், பயந்து ஓடினேன் என்று நையாண்டி. கடிவாளத்தைக் கடிப்பது கோபத்தை அடக்கிக்கொள்வது. இதெல்லாம் பேச்சு வழக்கு, அகராதியில் கிடைக்காது. பதில் போட்டு மானத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

வரவேண்டும் என்றுதான் பார்க்கிறேன், திருத்த வேண்டிய விடைத்தாள் மலையாய்க் கிடக்கிறது. அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வை. உன் கை பட்டால்தான் அவருக்கு நிம்மதி.

உன் நல்லதையே நினைக்கும்,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. இன்னொரு வரி இருக்கிறது. நான் வந்தால், மணி கட்டிக்கொண்டு வந்து நிற்பார்களாம். இதற்கு என்ன அர்த்தம்? அவசரமில்லை, நன்றாக யோசித்துச் சொல்.

சின்னவள்

மார்ச் 9

தங்கைக்கு,

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாட்டுக்குத்தானே மணி கட்டுவார்கள்? உன்னைத்தான் அப்படிக் கேலி செய்கிறார்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. அப்பாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜூன் 20

அக்கா,

மணி வரியைப் பதிப்பகம் எழுதவில்லை. நீ வருஷாவருஷம் நடத்துகிற எட்டாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில், வியப்பையும் ஆர்வத்தையும் சொல்லும் பேச்சு வழக்குகள் என்ற பாடத்தில் இருக்கிறது. மாடி வீட்டுப் பெண் கொடுத்தாள். காலுறையும் கடிவாளமும்கூட அதே பக்கத்தில்தான். காலுறை கழன்றால் அசந்துபோனேன் என்று அர்த்தம். மற்ற இரண்டுக்கும் ஒரே அர்த்தம்: கொள்ளை ஆசை, எப்போது வருவாய் என்று துடிக்கிறோம். அதைப் பார்த்த பிறகுதான் மணியை உனக்கு அனுப்பினேன். ஒரு வாய்ப்பாவது கொடுக்க வேண்டாமா? நீ மாடு என்றாய்.

பதிப்பகத்துக்கு அன்றே பதில் போட்டுவிட்டேன். இன்று மாலை விமானம். "உங்கள அக்கா வீட்ல விடப்போறேன்ப்பா" என்றேன். "அவ வெச்சுக்க மாட்டாம்மா" என்றார். "நானும்தான்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வேன் ஓட்டுநரிடம் உன் விலாசம் இருக்கிறது. நீ பள்ளியிலிருந்து திரும்பும் நேரத்துக்கு வந்து சேரும். கதவு திறக்காவிட்டால் வாசலிலேயே இறக்கிவிடச் சொல்லியிருக்கிறேன். மாத்திரைகள் பையில், இந்தக் கடிதம் அப்பாவின் சட்டைப்பையில். உறையை ஒட்டவில்லை. ஆறு மணி நேரப் பயணம், அவருக்கும் படிக்க ஏதாவது வேண்டுமே.

உன் தங்கை