பல் வைத்த ஆப்பு

இன்று காலை மேலூர்ப் பக்கம் ஒரு பழைய கல்குவாரி ஓரத்துத் தடுப்புச்சுவரில் ரெசின் பசை டப்பாவைத் திறந்தார்கள். மூக்கில் ஏறிய அந்த நெடி என்னை நேராக உன்னிடம் கொண்டுபோய் விட்டது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது.

அன்று நாம் சேர்ந்து கட்டிய சுவரும் இதே மாதிரிதான். பாறையில் துளை போட்டு, கம்பியை இறக்கி, சிமெண்டுப் பால் விட்டு, ஜாக்கியால் இழுத்துப் பூட்டினால் சுவர் சாயாமல் நிற்கும். ஊற்றுத் தண்ணீரில் இரும்பு துருப்பிடிக்கிறது என்று முதல்முறையாக ஃபைபர் கம்பி வந்தது. தோளில் போட்டுப் பார்த்து, முருங்கைக்காய் கனம்கூட இல்லையே என்று சிரித்தாய். ஆனால் உனக்கு அதன்மேல் நம்பிக்கை வரவில்லை. இரும்பு நீளும், முனகும், அறுவதற்கு முன் சொல்லிவிடும். இது சொல்லாது என்பாய்.

ஜாக்கி இழுக்கும்போது இரும்புக் கம்பியைப் பிடிக்கப் பல் வைத்த ஆப்பு போதும். ஃபைபரை அந்தப் பல் நசுக்கிவிடும். நுனியில் குழாய் மாட்டி, ரெசின் ஊற்றி, இறுகிய பிறகு குழாயைத்தான் பிடிக்க வேண்டும். அன்று கடைசிக் கம்பிக்குக் குழாய் வந்துசேரவில்லை. மறுநாள் அதிகாரிகள் வருகிறார்கள். பொறியாளன் நான், பழைய ஆப்பையே போட்டு இழு என்றேன்.

"இதுக்கு ஆப்பு வச்சா அது நமக்கு ஆப்பு வச்சுரும் மாப்ள."

நான் முகத்தைச் சுளித்தேன். நீ மாட்டினாய்.

பாதி இழுவையில், ஒரு முனகல்கூட இல்லாமல் அறுந்தது. தெறித்த கம்பிச் சிம்பு உன் வலது கண்ணைக் கொண்டுபோனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "நானாத்தான் மாட்டுனேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயாவது வேலையில இரு" என்றாய். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உன்னை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. ஒற்றைக் கண்ணோடு திருவாதவூரில் வயலைப் பார்த்துக்கொண்டாய். நான் வரும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

துக்கத்துக்கு வந்தபோது உன் மனைவி கேட்டாள். "அவசரப்பட்டு மாட்டிட்டேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அவரு தப்புதானாண்ணே அது?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த ஆப்பு என் பையில்தான் இருக்கிறது. பல் இடுக்கில் உன் கம்பியின் தூள் இன்னும் போகவில்லை. போன ஞாயிறு அதை எடுத்துக்கொண்டு, அவளிடம் சொல்லிவிடுவது என்று மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் திருவாதவூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்டும் வாங்கினேன். பஸ் கிளம்பும்போது இறங்கிவிட்டேன்.