குர்பான் மாட்டின் உப்புக்கண்டம்

காத்தான்குடி,
6 ஏப்ரல் 1935

ஓட்டமாவடியில் தம் தாயார் வீட்டில் தங்கியிருக்கும் என் மருமகன் ஹமீட் அறிவது.

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மீது எனக்குள்ள குறைகளைத் திகதி வாரியாக முதலில் எழுதிவிடுகிறேன்.

1. மார்ச் 14: ஹஜ்ஜுப் பெருநாளுக்காக வவுணதீவிலிருந்து மாடு வந்து சேர்ந்தது. பள்ளியில் எங்கள் குடிக்குத் தலைவரான மரைக்காரும் என் மைத்துனர் அசனாரும் முற்றத்தில் நிற்க, "இந்த மாட்டை நான் குர்பானாக ஆக்கிவிட்டேன்" என்று அறிவித்தேன். இருவரும் மகிழ்ந்தார்கள். நீர் தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனீர்.

2. மார்ச் 17: எங்கள் பங்கு இறைச்சியை உம் மாமி நீள நீளமாக அறுத்து, உப்பும் மஞ்சளும் இடித்த கொச்சிக்காயும் மிளகும் உள்ளியும் கொறுக்காய்ப் புளியும் பிசறி வெயிலில் தொங்கவிட்டார். கயிறு கட்டக்கூட நீர் வரவில்லை. "கொஞ்சம் பொறுங்க மாமி" என்றீர். எதற்குப் பொறுக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

3. மார்ச் 21: நான்கு வெயில் கண்ட இறைச்சியில் முதல் பங்கை உம் மாமி உரலில் இடித்து, தேங்காயெண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து வைத்தார். நாங்கள் உண்டோம். நீர் தட்டை நகர்த்தினீர். எட்டு மாதக் கர்ப்பிணியான உம் மனைவி ஸஹீதா, அதற்கென்றே ஆசைப்பட்டுக் காத்திருந்தவள், நீட்டிய கையையும் தடுத்தீர்.

4. மார்ச் 23: நான் நகருக்குப் போயிருந்த வேளையில் கொடியிலிருந்த அத்தனையையும் எடுத்துச் சென்றீர். திரும்பி வந்து, மரைக்காரும் அசனாரும் இருக்க, விசாரித்தேன். நீர் வாய் திறக்கவில்லை. உம்மைக் கள்ளன் என்றேன். குடையை எடுத்துக்கொண்டு ரயிலேறிவிட்டீர்.

5. அன்று முதல் இன்றுவரை பதினான்கு நாட்கள். ஸஹீதாவுக்கு ஒரு வரி எழுதவில்லை.

இனி, நீர் போன பின்பு நடந்தவற்றை அறியத் தருகிறேன்.

25ஆம் திகதி காலை, வாவிக்கரைக் குடிசையில் பன் புல்லில் பாய் இழைத்துச் சீவிக்கும் விதவை சபூரா எங்கள் படலையில் வந்து நின்றாள். "மருமகன் தந்த இறைச்சிக்கு துஆ சொல்லிட்டுப் போவமெண்டு வந்தன். கரையில எங்கட ஒன்பது குடிலுக்கும் தந்தார். உப்புக்கண்டம் மட்டுமா, ரெண்டு றாத்தல் பச்ச இறைச்சியும் வாங்கிச் சேத்துத் தந்தார். ஆர்ட பேரில மகன் எண்டு கேட்டன். மாமாட பேரில எண்டார்" என்றாள்.

அந்த இரண்டு றாத்தல் என்னை உறங்கவிடவில்லை. கள்ளன் எதற்காகத் தன் கையிலிருந்து கூட்டிக் கொடுக்க வேண்டும்? மறுநாள் ஏறாவூருக்குப் போய், அங்குள்ள வயதான ஆலிமிடம் கேட்டேன். அவர் முதலில், நான் முற்றத்தில் உரைத்த சொற்களை அப்படியே திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கிதாபைத் திறக்காமலே பதில் தந்தார். வழக்கமான குர்பானில் ஒரு பங்கை வீட்டாரும் உண்ணலாம்; ஆனால் வாயால் அப்படிச் சொன்னவுடன் அது நேர்ச்சையைப் போல் கடமையாகிவிடும். சொன்னவரும் அவர் பராமரிப்பில் உள்ளவர்களும் அதில் ஒரு துண்டும் உண்ணலாகாது. முழுவதும் ஏழைகளுக்கு உரியது. உண்டுவிட்டால் உண்ட அளவுக்கு ஈடு கொடுக்க வேண்டும். நாங்கள் உண்டது ஏறக்குறைய இரண்டு றாத்தல் இறைச்சியின் கண்டம்.

சென்னையில் சட்டம் படித்து, இருபத்தெட்டு வருடமாக நீதிமன்றத்தில் பிறர் வாயில் வந்த சொல்லைக் கொண்டே அவர்களைக் கட்டிப்போட்டவன் நான். என் வாயில் வந்த சொல் என்னைக் கட்டியதை நான் அறியவில்லை. ஐந்து வருடம் மதரசாவில் ஓதிய நீர் அறிந்திருந்தீர். அறிந்தும் ஒன்பது நாட்கள் மௌனமாயிருந்தீர். என் கோபம் முழுவதும் இப்போது இந்த ஓரிடத்தில் வந்து நிற்கிறது. திருத்தினால் தாங்கமாட்டான் இவன் என்று என்னைக் கணித்துவிட்டு, அந்தக் கணிப்புக்காகக் கள்ளன் என்ற பெயரையும் சுமந்துகொண்டு போயிருக்கிறீர். இதைவிடப் பெரிய அவமதிப்பை எனக்கு எவரும் செய்ததில்லை.

இதை ஸஹீதாவிடமே சொன்னேன். வெளியே சொல்ல வேண்டாமென்று நீர் கேட்டுக்கொண்டதால் அதுவரை அடக்கி வைத்திருந்ததை அவள் அப்போதுதான் சொன்னாள். "சபையில மாமா சொன்ன சொல்ல மருமகன் பிழையெண்டு சொல்றதா எண்டு கேட்டார், வாப்பா" என்றாள். வீட்டுக்குள் வைத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "உங்களுக்கு வீடும் சபைதானே, வாப்பா."

அப்படியானால் சபையிலேயே சொல்லித் தீர்ப்பதென்று முடிவு செய்தேன்.

நேற்று ஜும்ஆ முடிந்ததும் மரைக்காரையும் அசனாரையும் பள்ளி வாசலில் நிறுத்தி, நான் கள்ளன் என்றவர் ஒன்றையும் திருடவில்லை, உண்ணத் தகாததை உண்டவன் நான்தான் என்று அறிவித்தேன். மரைக்கார் தாடியைத் தடவிக்கொண்டார். அசனார் மட்டும், "சென்னையில இத்தினை வருசம் என்ன மச்சான் படிச்ச நீங்க? வாயத் திறக்க மட்டுந்தானா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன்.

உம் மீதுள்ள குறைகளில் முதல் நான்கையும் இத்துடன் விலக்கிக்கொள்கிறேன். ஐந்தாவது நிற்கிறது. அதை நான் விடமாட்டேன். நான் செய்த பிழைக்கு ஸஹீதா ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? இரண்டு கால்களும் வீங்கியிருக்கின்றன. ரயில் வரும் நேரமெல்லாம் படலைப் பக்கம் போகிறாள். கேட்டால் கோழி விரட்டப் போனேன் என்கிறாள்.

சட்ட நிலை ஒன்றையும் தெளிவுபடுத்துகிறேன். எங்கள் வழக்கப்படி இந்த வீட்டைச் சீதனமாக ஸஹீதாவின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே உங்கள் இருவரின் வீட்டில்தான் நானும் உம் மாமியும் ஒதுங்கியிருக்கிறோம். இதிலிருந்து உம்மைப் போக வைக்கும் உரிமை எனக்கு இருந்ததில்லை.

இந்த மாத இறுதியில் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவிச்சி சொல்கிறாள். பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்ல வேண்டும். மரைக்கார் தாம் சொல்வதாக முன்வந்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நானும் சொல்லமாட்டேன்.

அந்தப் பாங்கை யார் சொல்வது என்பதற்கு உம்முடைய பதில் எழுத்து மூலம், ஏப்ரல் 15ஆம் திகதி மாலைக்கு முன்பாக, எனக்குக் கிடைத்தாக வேண்டும். தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுவந்து ஸஹீதாவின் கையில் கொடுப்பதாயினும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அல்லாஹ் உம்மை நலமாக வைப்பானாக.

உம் மாமா,
மீராசாஹிப்