மாத்திரைக் காலம்

ஜூன் 3, செவ்வாய்

கேண்டீனில் இன்று அப்பளம் சாப்பிட்டேன். முழு அப்பளம்! கடித்து, மென்று, நொறுங்குகிற சத்தத்தோடு. போன மாதம் வரை இட்லிக்கே நடுவில் ஓய்வெடுத்த தாடை இது. டாக்டரம்மா சொன்னது பலிக்கிறது. முதலில் மாத்திரை, அது வேலையைத் தொடங்கிய பிறகு சாப்பாடு.

மயஸ்தீனியா கிராவிஸ். பெயரைக் கேட்டால் ஒய்யாரமான வெளிநாட்டு நடிகை போல இருக்கிறது. விஷயம் என்னவோ எங்கள் கம்பெனி கேட் கதைதான். உடம்பைக் காக்க வேண்டிய செக்யூரிட்டியே ஆள் தெரியாமல், மூளை அனுப்பும் சேதியைத் தசைக்குப் போகவிடாமல் வாசலில் மறிக்கிறான். காலையில் கொஞ்சம் அசந்திருப்பான், போகப்போகச் சூரனாகிவிடுவான். அதனால்தான் ஷிஃப்ட் முடியும்போது வலது இமை இறங்குகிறது, கை சோர்கிறது, பேச்சு மூக்கு வழியாக வருகிறது.

அந்த இமைதான் பழனிவேலையும் கொண்டுவந்து சேர்த்தது. மெயின்டனன்ஸ்காரர், ஊர் மணிமங்கலம். ஒரு வாரமாக நான் கண்ணடிக்கிறேன் என்று நினைத்திருக்கிறார், பாவம். ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்து, "இன்னாங்க, எங்கிட்ட எதுனா சொல்லணுமா?" என்றார். நோயைச் சொன்னேன். முகம் தொங்கிப்போனது. நோய்க்காக இல்லையாம், கண்ணடிக்கவில்லையே என்று! சூடு எனக்கு ஆகாது என்று ஒரே ஒருமுறைதான் சொன்னேன். மறுநாள் என் டெஸ்டிங் பெஞ்சுக்கு மேல் ஃபேன் சுற்றியது.

ஜூன் 6, வெள்ளி

வருகிறார்கள்! பழனிவேலின் அம்மா காஞ்சனா, 29ஆம் தேதி ஞாயிறு, சேரப்பணஞ்சேரியில் எங்கள் ரூமுக்கே வருகிறார். ஊரிலிருந்து என் அப்பா அம்மாவை வரச்சொல்வதற்கு முன்னால், சும்மா பெண்ணைப் பார்த்துவிட்டுப் போகவாம். ஆடி பிறப்பதற்குள் முடிவு தெரிய வேண்டுமாம்.

நோயைப் பற்றி வீட்டில் தானே சொல்லிவிடுவதாகப் பழனிவேல் சொன்னார். வேண்டாம் என்றேன். நான் சொல்கிறேன். இமை நிமிர்ந்து, குரல் தெளிவாக, சிரித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து என் வாயால் சொல்வேன். என்னை முழுசாகப் பார்த்துவிட்டு, அப்புறமும் வேண்டாம் என்றால் சொல்லட்டும்.

சொல்லக்கூடாது. முருகா, சொல்லவே கூடாது.

ஜூன் 10, செவ்வாய்

செய்தி பரவிவிட்டது. லைன் மொத்தமும் வைத்தியர்கள்! 29க்குள் என்னைத் தேற்றியே தீருவார்களாம். சூப்பர்வைசர் பாபு சார் முருங்கைக்கீரை சூப் என்கிறார். பேக்கிங் அக்கா அமுக்கராப் பொடி கொடுத்தார். ஜிம்முக்குப் போகும் ஒருவன் புரோட்டீன் டப்பாவே வாங்கிவந்துவிட்டான். அதன் மூடியைத் திறக்கும் தெம்பு எனக்கு இருந்தால் அந்த டப்பா எதற்கு?

எல்லாவற்றுக்கும் மேலே நுரை மாத்திரை. ஷிஃப்ட் முழுக்க நிற்கிற இடத்தில் யாருக்குத்தான் கெண்டைக்கால் பிடிக்காது? டீ பிரேக்கில் தண்ணீர் பாட்டிலில் போட்டு, நுரைத்ததும் அண்ணாந்து ஆளுக்கு ஒரு மடக்கு. பாட்டில் கைமாறிக்கொண்டே போகும். நான் பெஞ்சில் உட்கார்ந்து வேலை செய்பவள் என்பதால் இதுவரை என் பக்கம் வந்ததில்லை. இன்று கவியா அதைப் பிடுங்கி என்னிடம் நீட்டினாள். கவியா என் ரூம்மேட், கோவில்பட்டிக்காரி. நான் கையைத் தூக்கிப் பின்ன முடியாததால் தினமும் என் ஜடை அவள் பொறுப்பு.

"ஏட்டி, இது தசைக்குள்ள மாத்திரை. உனக்குத்தான மொதல்ல வேணும்? குடி."

எலுமிச்சை வாசம். எல்லாரோடும் சேர்ந்து குடித்ததிலேயே பாதித் தெம்பு வந்துவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

கவியா ரூமுக்கும் ஒரு டியூப் நுரை மாத்திரை வாங்கிவந்துவிட்டாள். காலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று. 29ஆம் தேதி நான் மாமியாரைத் தூக்கிக்கொண்டே வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடப்பேனாம்.

ஜூன் 17, செவ்வாய்

அப்பளம் இல்லை. இட்லியும் இல்லை. கஞ்சி, அதுவும் மூக்கில் ஏறிவிட்டது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குள்ளேயே இமை இறங்கிவிட்டது. பல் தேய்க்கக் கை எழும்ப மாட்டேங்கு. நேரத்துக்குத்தான மாத்திரை போடுதேன்? வெயில்ல போகல, இடைவேளையெல்லாம் படுத்துத்தான கெடக்கேன், அம்புட்டும் சரியாத்தான செய்யுதேன் — பெறவு ஏன்?

முத்திப் போச்சா?

பழனிவேலுக்குப் போன் செய்து 29 வேண்டாம் என்றேன். என் பேச்சில் பாதி அவருக்குப் புரியவில்லை. "நீ இன்னா சொல்றன்னு தெர்ல. காலைல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு, நான் லீவு சொல்லிட்டேன்" என்றார்.

யாருக்கு வேணும் இந்த மூஞ்சி.

ஜூன் 18, புதன்

டாக்டரம்மா முதலில் ஊதச்சொல்லி மூச்சைச் சோதித்தார். அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"புதுசா என்ன சாப்பிடுற?"

கூட வந்த கவியா பையை மேசையில் கவிழ்த்தாள். டாக்டரம்மா புரோட்டீன் டப்பாவை ஒதுக்கினார். அமுக்கராவை முறைத்தார். நுரை மாத்திரை டியூபைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

மெக்னீசியம்! லைனில் மற்றவர்களின் காலைத் தளர்த்தும் அதே சரக்கு, என் வாசலில் மறிக்கிற செக்யூரிட்டிக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. "உனக்கு இது ஆகவே ஆகாது. நல்லவேளை, மூச்சுல கை வைக்கல. இனிமே யார் என்ன நல்லதுன்னு கொடுத்தாலும் எங்கிட்ட காட்டாம வாயில வைக்காத" என்றார். ரத்தத்தில் குறைவாக இருப்பதால் வைட்டமின் டி மட்டும் எழுதிக்கொடுத்தார். முருங்கை சூப்பைச் சூப்பாகக் குடிக்கலாமாம், மருந்தாக இல்லை. ஒரு வாரத்தில் தேறவில்லை என்றாலும், மூச்சு முட்டினாலும் உடனே வரவேண்டும்.

நான் அங்கேயே அழுதேன். சந்தோஷ அழுகை. நோய் முற்றவில்லை, வெறும் எலுமிச்சை நுரை!

பஸ்ஸில் கவியாதான் ஓயவில்லை. "நானே உன்னக் கொன்னுருப்பேனேட்டி." பேச வராததால் படப்பை வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பழனிவேல் எங்கள் இருவருக்கும் கைக்குட்டை சப்ளை.

ஜூன் 25, புதன்

அப்பளம்!!

ஜூன் 29, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்கள். கணக்குப் பார்த்து மாத்திரை போட்டேன். பத்து மணிக்கு நான் இருந்த இருப்பு இருக்கிறதே! கண் இரண்டும் விரிந்து, குரல் கணீரென்று, கண்ணாடி முன்னால் சிரித்துச் சிரித்துப் பார்த்தேன். கவியா திருஷ்டி கழித்தாள்.

வரவில்லை. காஞ்சனா அம்மா முதலில் வல்லக்கோட்டை முருகனைப் பார்த்துவிட்டுத்தான் பெண்ணைப் பார்ப்பேன் என்றாராம். ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாள் வேறு, கோயிலில் பத்துக் கல்யாணம். அவர்கள் படியேறும்போது ஒரு மணிக்கு மேல். தகர ஷீட்டுக்குக் கீழே நான் வெந்துபோயிருந்தேன். பைக் சத்தம் கேட்டதும் அடுத்த மாத்திரையை விழுங்கினேன். அது வேலையைத் தொடங்க வேண்டுமே!

உட்கார்ந்தார்கள். வணக்கம் சொன்னேன், மூக்கால். சிரித்தேன். உதட்டு ஓரம் ஏறவில்லை, பல் மட்டும் தெரிந்தது. வலது இமை கடைக்கு ஷட்டர் போட்டதுபோல் இறங்கியது.

காஞ்சனா அம்மா என்னையே பார்த்தார். "இன்னாம்மா, நாங்க வந்தது புடிக்கலையா? மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?"

செத்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வரும். அப்போது பழனிவேல் எழுந்து வெளியே ஓடினார். ஓடியே போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் குச்சி ஐஸ். ஆரஞ்சு. எங்கள் ரூமில் ஃப்ரிட்ஜ் ஏது? அதைக் கவரோடு கைக்குட்டையில் சுற்றி, அம்மா முன்னாலேயே என் இமைமேல் வைத்து அழுத்தினார். டாக்டரம்மா ஒருமுறை சோதனைக்குச் செய்ததை நான் சொல்லியிருந்தேன், மனிதர் நினைவு வைத்திருக்கிறார். கவரின் ஓட்டை வழியே கன்னத்தில் ஆரஞ்சுத் தண்ணீர் வழிந்தது. எடுத்தார்.

இமை ஏறியிருந்தது.

"அடி ஆத்தி!" என்றது கவியா. அவளே இதை முதல்முறை பார்க்கிறாள்.

நான் சொன்னேன். மூக்காலேயே சொன்னேன். "அத்தை, எனக்கு ஒரு நோய் இருக்கு. ஒட்டாது, ஆனா போகவும் போகாது. மாத்திரை எப்பவும் போடணும். நேரத்துக்கு எல்லாம் நடந்தா நானும் எல்லாம் செய்வேன். நேரம் தப்புனா இப்பிடித்தான் இருப்பேன். நெசமாவே சிரிச்சேன் அத்தை, மூஞ்சிதான் கேக்கல."

காஞ்சனா அம்மா காபியைக் குடித்து முடித்தார். "கெளம்பலாம்டா" என்றார். என்னிடம், "சொல்லி அனுப்பறோம்மா" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் பைக் திருப்பத்தைத் தாண்டிய பிறகு மாத்திரை வேலையைத் தொடங்கியது. அழகான முகம். பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஜூலை 1, செவ்வாய்

போன் இல்லை. பழனிவேல் வந்து ஃபேனுக்கு எண்ணெய் விட்டார். வீட்டில் அம்மா பேசுவதே இல்லையாம்.

ஜூலை 4, வெள்ளி

போன்! புது நம்பர்!

"நான் காஞ்சனா பேசறேம்மா. நீ அந்த மாத்திர எத்தினி மணிக்குப் போடுவ?"

இதென்ன கேள்வி? "எதுக்கு அத்தை?"

"ஐயரு நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நேரம் குறிக்கிறாரு. ராகு காலம், எமகண்டம்லாம் பாத்துட்டாரு. உன் மாத்திர காலத்தையும் பாத்துத்தான குறிக்கணும்? அன்னிக்கி நான்தான் லேட்டா வந்து உன் மூஞ்சியக் கெடுத்தேன். மேடையில அப்டி ஆவக்கூடாது, சொல்லிட்டேன்."

சொன்னேன். எழுதிக்கொள்வது கேட்டது. பின்னால் யாரிடமோ, "ஒம்பதரைல இருந்து பதினொன்ரக்குள்ள தாலி கட்ற மாதிரி பாருங்க சாமி. பொண்ணு அப்போதான் நல்லா சிரிக்கும்" என்றார்.

கவியா என்னைத் தூக்கிச் சுற்றினாள். இறக்கிவிட்டதும் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நோயாலா, சந்தோஷத்தாலா, டாக்டரம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

நவம்பர் 9, ஞாயிறு

சாயங்காலம் இமை இறங்கியது. இன்றைக்கு வேலை கொஞ்சம் அதிகம், ஓய்வெடுக்கவில்லை, என் தப்புதான். ஐஸ் எடுக்க எங்கள் மணிமங்கலம் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அத்தை எனக்கென்று வாங்கி அடுக்கிய குச்சி ஐஸில் ஒன்றுகூட இல்லை. கேட்டால், தெரியாது என்கிறார். நாக்கு மட்டும் ஆரஞ்சு.